அப்பத்தாவின் படம்: உருவப்படம் எடுக்கத் தொடங்குவோர் செய்யும் பிழைகள்

நுழையும் முன்

கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஆதலால் படம் எடுக்காதவரும் அரிது. ஆயினும், படம் எடுப்பது வேறு. ஒருவரின் முகத்தை அவருடைய முகமாகவே படத்தில் கொண்டுவருவது வேறு. தனி ஒருவரை முதன்மையாகக் காட்டும் ஒளிப்படத்தை உருவப்படம் என்பர். அதனை எடுக்கப் பழகுவோர் பெரும்பாலும் ஒரே வகையான பிழைகளைச் செய்கின்றனர். அப்பிழைகள் யாவை, அவை ஏன் நிகழ்கின்றன, எவ்வாறு திருத்துவது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

சுவரில் இருந்த படம்

தில்லியில் எட்டாம் வகுப்பில் படிக்கும் மாணவி ஒருத்தியின் வீட்டிற்கு மார்கழி மாதத்தில் அவளுடைய அப்பத்தா வந்திருந்தார். மதுரைக்கு அருகிலுள்ள சிற்றூர் அவருடைய ஊர். பொங்கலுக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும் என்ற உறுதியோடுதான் அவர் தொடர்வண்டி ஏறியிருந்தார். அவ்விடுமுறையில், வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படம் எடுத்து, அவரைப் பற்றிப் பத்து வரிகள் எழுதி வருமாறு தமிழாசிரியர் பணித்திருந்தார்.

அவ்வீட்டுக் கூடத்தின் சுவரில் தாத்தாவின் படம் ஒன்று மாட்டப்பட்டிருந்தது. அம்மாணவி பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். யாருடைய திருமணத்திலோ எடுத்த கூட்டப் படத்திலிருந்து அவருடைய முகத்தை மட்டும் வெட்டி, பெரிதாக்கிச் சட்டமிட்டிருந்தனர். பெரிதாக்கியதால் கண்கள் இரண்டும் கருந்திட்டுகளாகிவிட்டன. படத்தின் ஓரத்தில் வேறொருவரின் தோள் பாதி தெரிந்தது. தாத்தாவின் இடக்கண்ணின் அருகே ஒரு மச்சம் இருந்ததாம். படத்தில் அது இல்லை. அப்பத்தா சொல்லித்தான் அதனை அவள் அறிந்திருந்தாள்.

"அவருக்குத்தான் ஒழுங்கா ஒரு படம் இல்லாமப் போச்சு, தாயி" என்று அப்பத்தா அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் கூறுவார்.

அன்று மாலைக்குள் அம்மாணவி அப்பத்தாவை 23 படங்கள் எடுத்துவிட்டாள். அவற்றுள் சிறந்த ஒன்றை அச்சிட்டு வாங்குவதற்காகக் கடைத்தெருவிலிருந்த சிறிய ஸ்டூடியோவிற்குச் சென்றாள். கடவுச்சீட்டுக்கும் பள்ளி அடையாள அட்டைக்கும் படம் எடுத்துத் தருபவர் அந்த ஸ்டூடியோக்காரர். அத்தெருப் பிள்ளைகள் அவரைச் 'சாச்சாஜி' என்று அழைப்பர். 'சித்தப்பா' என்பது அச்சொல்லின் பொருள். அவர் 23 படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். பின்பு கைப்பேசியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மகளே, இவற்றை அச்சிட்டால் உன் பணம்தான் வீண். நீ உன் பாட்டியைப் பார்க்கவில்லை; கைப்பேசியைத்தான் பார்த்திருக்கிறாய்" என்று இந்தியில் கூறினார். அதன்பின் ஒவ்வொரு படமாகக் காட்டி, அதிலிருந்த பிழையை விளக்கினார்.

முதற்பிழை: மிக நெருங்கிச் செல்லுதல்

முதற்படத்தில் அப்பத்தாவின் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறியனவாகவும் இருந்தன. முகம் முழுவதும் திரையை நிறைக்க வேண்டும் என்று எண்ணி, அவள் கைப்பேசியை முகத்தருகே கொண்டு சென்றதே அதற்குக் காரணம்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. முன்பின் வேறுபாடு உண்டு எனக் கொள்வோம். கைப்பேசி மூக்கிலிருந்து 30 செ.மீ. தொலைவில் இருந்தால், காது 42 செ.மீ. தொலைவில் இருக்கும். அருகிலுள்ள பொருள் பெரிதாகத் தெரியும். ஆகவே, காதை நோக்க மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். 150 செ.மீ. பின்னால் சென்று எடுத்தால், மூக்கு 150 செ.மீ. தொலைவிலும் காது 162 செ.மீ. தொலைவிலும் இருக்கும். அப்போது வேறுபாடு 1.08 மடங்காகக் குறைந்துவிடும். முகம் இயல்பாகத் தோன்றும்.

கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற காட்சியைப் பதிவு செய்வது. அதனால் முகத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டுமென்றால் நெருங்கிச் செல்லத் தோன்றும். அவ்வாறு செல்லாமல், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, திரையில் இரு மடங்கு பெரிதாக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். கேமரா வைத்திருப்போர் உருவப்படத்திற்கு 85 மி.மீ. அளவிலான லென்ஸை விரும்புவதற்கும் இதுவே காரணம். அந்த லென்ஸ், தள்ளி நின்றே முகத்தைப் பெரிதாகப் பதிவு செய்ய உதவுகிறது.

இரண்டாம் பிழை: ஒளியைப் பாராமை

அடுத்த சில படங்கள் நண்பகலில் மொட்டைமாடியில் எடுக்கப்பட்டவை. உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து விழுந்ததால், அப்பத்தாவின் கண்குழிகளில் நிழல் படிந்திருந்தது. வேறு சில, சன்னலுக்கு முன்னால் அவரை நிற்க வைத்து எடுக்கப்பட்டவை. அவற்றில் சன்னல் வெளிச்சமாகவும் முகம் இருளாகவும் இருந்தன. இரவில் குழல் விளக்கின் கீழ் எடுத்த படத்திலோ முகத்தில் உயிரே இல்லை.

ஒளிப்படம் என்னும் பெயரே ஒளியின் இன்றியமையாமையை உணர்த்தும். 1839ஆம் ஆண்டு பாரிசில் லூயி டாகர் என்பவரின் ஒளிப்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ராபர்ட் கொர்னீலியஸ் என்பவர் தம்மைத் தாமே படம் எடுத்தார். இன்றும் எஞ்சியுள்ள மிகப் பழைய உருவப்படங்களுள் அது ஒன்று. அதில் அவருடைய தலைமுடி கலைந்திருக்கிறது. முகமும் படத்தின் நடுவில் இல்லை. முன்னோடிகளும் பழகித்தான் கற்றனர் என்பதற்கு அப்படமே சான்று.

அக்காலத்தில் ஒரு படம் பதிவாகப் பல நொடிகளோ சில நிமிடங்களோ ஆயின. அதுவரை அசையாதிருக்க, தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பதும் உண்டு. மின்விளக்கு இல்லாத காலமாதலால், ஸ்டூடியோக்களின் கூரையிலும் பக்கச் சுவரிலும் பெரிய கண்ணாடிகளைப் பதித்துப் பகலொளியைப் பயன்படுத்தினர். மீரட்டுக்கு அருகிலுள்ள சர்தானாவில் 1844இல் பிறந்து, ஐதராபாத் நிசாமின் அவைக்கு ஒளிப்படக் கலைஞராக விளங்கிய லாலா தீன் தயாள் போன்றோர், நேர் வெயிலை விடுத்து மென்மையான பகலொளியை ஆண்டு முகங்களைப் பதிவு செய்த காலம் அது.

வீட்டில் இருப்பவரும் இதனைப் பின்பற்றலாம். படத்திற்கு அமர்பவர் சன்னலுக்கு முன்னால் அன்று, சன்னலுக்குப் பக்கத்தில் அமர வேண்டும். ஒளி ஒரு கன்னத்தில் விழுந்து மெல்ல மறுகன்னத்திற்குப் பரவும். மறுபக்கம் மிகவும் இருண்டிருந்தால், அப்பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை நாற்காலியின்மேல் விரித்துத் தொங்கவிட்டால் போதும். அது சன்னலொளியை முகத்தின்மேல் திருப்பி அனுப்பும். பனிமூட்டமான தில்லிக் காலைப்பொழுது இதற்கு மிக ஏற்றது. பனி, கதிரவனுக்குக் கட்டிய மெல்லிய திரைபோல் இருந்து ஒளியை மென்மையாக்கும்.

மூன்றாம் பிழை: பின்னணியையும் ஓரங்களையும் மறத்தல்

மற்றொரு படத்தில் அப்பத்தாவின் தலையிலிருந்து ஒரு கம்பி முளைத்திருந்தது. உண்மையில் அது, பின்னாலிருந்த துணி உலர்த்தும் கொடிக்கம்பி. இன்னொன்றில் குக்கரும் நாட்காட்டியும் முகத்தோடு போட்டியிட்டன. எடுக்கும்போது கண் முகத்தை மட்டுமே கண்டது. கேமராவோ எதிரிலிருந்த அனைத்தையும் பதிவு செய்தது.

எடுப்பதற்கு முன் திரையின் நான்கு மூலைகளையும் ஒருமுறை கண்ணால் சுற்றிவர வேண்டும். வேண்டாத பொருளை அகற்றலாம். இயலாவிடில் எடுப்பவரே ஓரடி நகர்ந்து நிற்கலாம். அமர்ந்திருப்பவர் சுவரிலிருந்து ஒரு மீட்டரேனும் முன்னே வந்தால், பின்னணி சற்று மங்கும். தலைக்கு மேல் மிகுதியான வெற்றிடம் விடுதலும், மணிக்கட்டு, முழங்கால் போன்ற மூட்டுகளில் உருவத்தை வெட்டுதலும் தொடக்கநிலையினர் செய்யும் பிழைகளே. மூட்டில் வெட்டினால், அவ்வுறுப்பே இல்லாததுபோல் தோன்றும்.

பெருங்கலைஞர்க்கும் ஓரத்தில் பிழை நேர்ந்ததுண்டு. 1936இல் டோரத்தியா லாங் என்னும் அமெரிக்கப் பெண்மணி, கலிபோர்னியாவில் பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் ஒரு தாயையும் அவருடைய குழந்தைகளையும் படம் எடுத்தார். 'புலம்பெயர்ந்த தாய்' என்று உலகப் புகழ் பெற்ற அப்படத்தின் கீழ் மூலையில், கூடாரக் கம்பத்தைப் பற்றிய ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அது கண்ணை உறுத்தியதால், பின்னர் அவர் அதனை மறையச் செய்தார்.

நான்காம் பிழை: கண்ணைத் தவறவிடுதல்

அப்பத்தா தரையில் அமர்ந்திருந்தபோது அம்மாணவி நின்றுகொண்டே எடுத்தாள். அதனால் படத்தில் நெற்றியும் நரைத்த வகிடும் பெரிதாகத் தெரிந்தன, கண்கள் தாழ்ந்துவிட்டன. கேமரா எப்போதும் எதிரிலிருப்பவரின் கண் மட்டத்தில் இருத்தல் நலம். பெரியவர் தரையில் அமர்ந்தால் எடுப்பவரும் தரையில் அமர வேண்டும். குழந்தையை எடுப்பவர் மண்டியிட வேண்டும். மேலிருந்து நோக்கினால், எதிரிலிருப்பவர் சிறியவராகத் தோன்றுவார்.

மேலும், அப்படத்தில் காதணி தெளிவாகவும் கண்கள் தெளிவின்றியும் இருந்தன. பார்ப்பவர் முதலில் தேடுவது கண்களையே. ஆதலால், கைப்பேசித் திரையில் அருகிலுள்ள கண்ணின்மேல் விரலால் தொட்டு, அவ்விடத்தைத் தெளிவாக்கிய பின்னரே எடுக்க வேண்டும். ஒளி குறைந்த இடத்தில் கேமரா நீண்ட நேரம் ஒளியை உள்வாங்கும். அந்நேரத்தில் கையோ முகமோ அசைந்தால் படம் கலங்கிவிடும். முழங்கைகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதும், ஒளி மிகுந்த இடத்திற்கு நகர்வதும் இதற்குத் தீர்வு. கேமராவில் நேரத்தை அமைக்க இயலுமாயின், ஒரு நொடியில் 125இல் ஒரு பங்கு என அமைப்பது பெரும்பாலும் போதுமானது.

தெளிவின்மை எப்போதும் பிழையன்று. கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், தம் 48ஆம் வயதில்தான் முதல் கேமராவைப் பரிசாகப் பெற்றார். அவருடைய உருவப்படங்கள் தெளிவற்றவை என்று அக்காலத் திறனாய்வாளர் சிலர் குறை கூறினர். அவரோ அந்த மென்மையை விரும்பியே தேர்ந்தார். இறுதிக்காலத்தில் இலங்கையில் வாழ்ந்தபோதும் அங்குள்ள மக்களைப் படம் எடுத்தார். தெரிந்தே தேர்ந்தெடுத்தால் அது நடை. தெரியாமல் நேர்ந்தால் அது பிழை.

ஐந்தாம் பிழை: நிறத்தையும் சுருக்கத்தையும் அழித்தல்

எஞ்சிய படங்களுள் ஒன்றைச் சாச்சாஜி நெடுநேரம் பார்த்தார். அதில் அப்பத்தாவின் முகம் மெழுகுபோல் வழவழப்பாக இருந்தது. நிறமும் வெளுத்திருந்தது. கைப்பேசியின் அழகூட்டும் வசதி, அவள் அறியாமலே செயற்பட்டிருந்தது.

"பாட்டியின் மோவாயில் ஏதேனும் அடையாளம் உண்டா?" என்று அவர் கேட்டார். அப்போதுதான் அவள் கவனித்தாள். அப்பத்தாவின் மோவாயில் சிறுவயதில் பச்சை குத்திய ஒரு புள்ளி உண்டு. மற்றப் படங்களில் மங்கலாகவேனும் தெரிந்த அது, இப்படத்தில் அடியோடு மறைந்திருந்தது. கைப்பேசி அதனைக் கறை எனக் கருதித் துடைத்துவிட்டது. சுவரிலிருந்த படத்தில் தாத்தாவின் மச்சம் இல்லாதது அவளுக்கு நினைவு வந்தது.

ஒளியை அளக்கும்போது, கேமரா காட்சியின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரமாக்க முயலும். அதனால், வெள்ளைச் சுவருக்கு முன்னால் இருப்பவரின் முகம் மேலும் இருண்டும், கருந்திரைக்கு முன்னால் இருப்பவரின் முகம் வெளுத்தும் பதிவாகும். முகத்தை விரலால் தொட்டு, திரையில் தோன்றும் கதிரவன் குறியை மேலும் கீழும் நகர்த்தி இதனைச் சரிசெய்யலாம். முகம் நேரில் எந்நிறத்தில் உள்ளதோ, அந்நிறத்திலேயே படத்திலும் இருக்க வேண்டும்.

கருவிகளும் நெடுங்காலம் எல்லா நிறத்தையும் ஒப்ப மதிக்கவில்லை. 1950களில் தொடங்கிப் பல ஆண்டுகள், வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க, வெள்ளைத் தோலுடைய பெண்ணின் படம் பொறித்த அட்டையையே ஆய்வகங்கள் அளவுகோலாகக் கொண்டிருந்தன. அதனால் கருநிற முகங்கள் அப்படச்சுருள்களில் நன்கு பதிவாகவில்லை. ஆகவே, கருவி தரும் நிறமே உண்மை நிறம் என்று கொள்ளுதல் கூடாது. கருநிறமும் முதுமைச் சுருக்கமும் திருத்த வேண்டிய குறைகள் அல்ல; அவை அம்முகத்திற்கு உரியவை. அழகூட்டும் வசதியை நிறுத்திவிட்டு எடுத்தலே முறை.

ஆறாம் பிழை: கேளாமல் எடுத்தல்

"பாட்டியிடம் கேட்டுத்தான் எடுத்தாயா?" என்று சாச்சாஜி இறுதியாக வினவினார். அவள் கேட்கவில்லை. 'சிரியுங்கள், சிரியுங்கள்' என்று சொன்னாளேயன்றி, வேறொன்றும் பேசவில்லை. அதனால் 23 படங்களிலும் அப்பத்தா ஒன்று கூச்சத்தோடு இருந்தார். அல்லது உதட்டை மட்டும் விரித்திருந்தார்.

சிரித்தால்தான் நல்ல படம் என்பதில்லை. 1941 டிசம்பர் 30ஆம் நாள் கனடாவின் ஒட்டாவா நகரில், இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சிலை யூசுப் கார்ஷ் படம் எடுத்தார். சர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டை அவர் பறித்ததும் தோன்றிய கடுகடுப்பே அப்படத்தில் பதிந்தது. சிரிப்பில்லாத அம்முகமே உலகெங்கும் பரவியது. எல்லோரிடமும் அவ்வாறு பறித்தல் முறையாகாது. ஆயினும், சொல்லி வரவழைத்த சிரிப்பைக் காட்டிலும் தானே தோன்றும் மெய்ப்பாடு வலிமையுடையது என்பதற்கு அப்படம் சான்றாகும்.

டோரத்தியா லாங் எடுத்த தாயின் கதை வேறொரு பாடத்தையும் தருகிறது. அத்தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் பிற்காலத்தில் எழுதினார். படம் உலகெங்கும் அறியப்பட்டது. படத்திலிருந்தவரை எவரும் அறியவில்லை. அவர் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளிப்பட்டது. அப்படத்தால் தமக்கு எப்பயனும் இல்லை என்று அவர் வருந்திக் கூறினார். ஒருவரைப் படம் எடுக்குமுன் இசைவு பெறுதலும், எடுத்தபின் அவரிடம் காட்டுதலும், அவர் விரும்பாததைப் பிறர்க்கு அனுப்பாதிருத்தலும் எடுப்பவரின் கடமைகளாகும்.

மறுநாட் காலை

மறுநாட் காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. அப்பத்தா சன்னலோரம் பாய் விரித்து அமர்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அம்மாணவி கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, தானும் உரிக்க அமர்ந்தாள்.

"அப்பத்தா, உங்களை ஒரு படம் எடுக்கலாமா?"

"என்னத்துக்குத் தாயி, இந்தக் கெழவிக்குப் படம்?"

"தாத்தாவுக்குத்தான் இல்லாமல் போயிற்று என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பட்டாணித் தோலை ஒதுக்கினார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "சரி, எடு" என்றார்.

அவள் உடனே எடுக்கவில்லை. அப்பாவின் வெள்ளை வேட்டியை நாற்காலியின்மேல் விரித்தாள். பின்னாலிருந்த குக்கரை அகற்றினாள். ஒன்றரை மீட்டர் தள்ளித் தரையில் அமர்ந்தாள். தாத்தா முதன்முதலில் மதுரைச் சித்திரைத் திருவிழாவிற்கு அழைத்துச் சென்றது எப்போது என்று கேட்டாள். அப்பத்தா சொல்லத் தொடங்கினார். சொல்லச் சொல்லக் கூச்சம் மறைந்தது. இடையே அவர் பேச்சை நிறுத்தி, எதையோ நினைத்தவராய்ச் சன்னலை நோக்கினார். அந்நொடியில் அவள் எடுத்தாள்.

மொத்தம் ஐந்து படங்கள். அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்தையும் பார்த்தார். நான்காம் படத்தில் விரலை வைத்தார்.

"புள்ளி தெரியுது பாரு. எங்காத்தா குத்திவிட்டது" என்றார்.

சாச்சாஜி அதனை இரண்டு படிகள் அச்சிட்டுத் தந்தார். படத்தின் பின்புறம் பெயரும் ஊரும் நாளும் எழுதி வைக்குமாறு அறிவுறுத்தினார். 'எழுதாத படம் ஐம்பது ஆண்டுகளில் யாரோ ஒருவரின் படமாகிவிடும்' என்பது அவர் கருத்து. வீட்டிற்கு வந்து எழுத முனைந்தபோதுதான், அப்பத்தாவின் முழுப்பெயரைத் தான் ஒருமுறைகூடத் தமிழில் எழுதியதில்லை என்பதை அவள் உணர்ந்தாள். அதிலுள்ளது எந்த 'ல'கரம் என்பதும் அவளுக்கு ஐயமாக இருந்தது. அப்பத்தா எழுத்தெழுத்தாகச் சொன்னார்; அவள் எழுதினாள்.

சொற்பொருள்

ஒளிப்படம் – புகைப்படம்
இன்றியமையாமை – தவிர்க்க இயலாத தேவை
மோவாய் – முகவாய், தாடை
மெய்ப்பாடு – உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்
இசைவு – சம்மதம்
முந்தானை – சேலையின் முன்தொங்கும் பகுதி
கொடி – துணி உலர்த்தக் கட்டும் கயிறு அல்லது கம்பி
ஐயம் – சந்தேகம்
ஆத்தா – அம்மா (வட்டார வழக்கு)

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. முகம் இயல்பாகத் தோன்ற, படம் எடுப்பவர் நிற்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ ______.
(30 செ.மீ. / 50 செ.மீ. / 150 செ.மீ.)

2. ஜூலியா மார்கரெட் கேமரன் பிறந்த நகரம் ______.
(பாரிசு / கல்கத்தா / ஒட்டாவா)

3. படத்தில் முதலில் தெளிவாக இருக்க வேண்டிய உறுப்பு ______.
(காது / மூக்கு / கண்)

ஆ. பிழையையும் திருத்தத்தையும் பொருத்துக.

1. முகம் இருண்டு, சன்னல் ஒளிர்தல் – தரையில் அமர்ந்து எடுத்தல்
2. தலையில் கம்பி முளைத்தல் – அழகூட்டும் வசதியை நிறுத்துதல்
3. நெற்றி பெரிதாகத் தெரிதல் – சன்னலுக்குப் பக்கத்தில் அமர்த்துதல்
4. பச்சைப் புள்ளி மறைதல் – ஓரடி நகர்ந்து நிற்றல்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தாத்தாவின் படத்தில் காணப்பட்ட குறைகள் யாவை?
2. வெள்ளை வேட்டி படம் எடுக்க எவ்வாறு உதவியது?
3. 'தெரிந்தே தேர்ந்தெடுத்தால் அது நடை. தெரியாமல் நேர்ந்தால் அது பிழை.' இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.
4. கைப்பேசி 60 செ.மீ. தொலைவில் இருந்தால், காதை நோக்க மூக்கு எத்தனை மடங்கு பெரிதாகப் பதிவாகும்? பாடத்திலுள்ள கணக்கின்படி கண்டறிக.

ஈ. விரிவாக விடை எழுதுக.

1. 'நீ உன் பாட்டியைப் பார்க்கவில்லை, கைப்பேசியைத்தான் பார்த்திருக்கிறாய்.' சாச்சாஜியின் இக்கூற்று 23 படங்களுக்கும் எவ்வாறு பொருந்துகிறது?
2. படத்தின் பின்புறம் பெயர் எழுதுவது ஏன் தேவை? ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சனின் வரலாற்றோடு இணைத்து எழுதுக.

உ. மொழிப்பயிற்சி

1. சேர்த்து எழுதுக: ஒளி + படம், உருவம் + படம், முகத்தை + பார்த்தாள், தலைக்கு + பின்னால்.
(குறிப்பு: ஒளி + படம் = ஒளிப்படம். வருமொழி முதலில் உள்ள வல்லின மெய் இடையே மிக்கது.)

2. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக.
(அ) "அவருக்குத்தான் ஒழுங்கா ஒரு படம் இல்லாமப் போச்சு."
(ஆ) "என்னத்துக்குத் தாயி, இந்தக் கெழவிக்குப் படம்?"
(இ) "புள்ளி தெரியுது பாரு. எங்காத்தா குத்திவிட்டது."

ஊ. செயல்பாடு

வீட்டுப் பெரியவர் ஒருவரின் இசைவைப் பெற்று, அவரைச் சன்னலோரம் அமரச் செய்து உருவப்படம் எடுக்க. எடுத்த படங்களை அவரிடமே காட்டி, அவர் விரும்பும் ஒன்றை அச்சிடுக. அவருடைய முழுப்பெயர், ஊர், படம் எடுத்த நாள் ஆகியவற்றை அவரிடமே கேட்டு, பிழையின்றித் தமிழில் படத்தின் பின்புறம் எழுதுக. அவர் கூறிய நிகழ்ச்சி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.